சாதனைச் செய்தியில் கண்டுபிடிப்பு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பல்கலைக்கழக ஆசிரியர்களும் அலுவலர்களும் அண்மையில் செய்த ஆய்வுப் பணிகளையும் பெற்ற சிறப்புகளையும் தொகுத்துத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளியிட்டிருந்தீர்கள். இதற்கென்று இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. நான் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளியீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாதச் செய்திமடலில் ‘ஆசிரியர், அலுவலர் சாதனைகள்’ என்ற பகுதியைத் தொகுப்பது பல ஆண்டுகள் என் பொறுப்பாக இருந்தது. அதனால் இத்தகைய செய்தி எங்கே வந்தாலும் விடாமல் படிப்பேன்.

தங்கள் தொகுப்பையும் கடைசி வரி வரை படித்தேன். ஒருவர் இத்தனை கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார், இன்னொருவருடைய கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் இத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், மற்றொருவர் பெயரில் இத்தனை காப்புரிமைகள், வேறொருவர் இத்தனை கருத்தரங்குகளில் சிறப்புரை. நல்லது. ஆனால் இவர்கள் எதைத் தேடினார்கள், தேடியதில் என்ன கிடைத்தது என்று ஒருவரைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. தலைப்பில் ‘ஆசிரியர்கள், அலுவலர்கள்’ என்று இருந்தது. உள்ளே அலுவலர் ஒருவர் பெயரும் இல்லை. இந்த இரண்டு குறைகளைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

இதில் தங்கள் செய்தியாளரைக் குறைசொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் தகவலே அப்படித்தான் வரும். துறைகளுக்கு ஒரு சுற்றறிக்கை போகும். கூடவே ஒரு படிவம். ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, ஆய்விதழின் பெயர், தொகுதி, பக்கம், இதழின் பதிவு எண், தாக்கக் காரணி. அவ்வளவுதான் கட்டங்கள். ‘என்ன கண்டறிந்தீர்கள்?’ என்று ஒரு கட்டம் கிடையாது. நான் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, உங்கள் கட்டுரையில் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிற மாதிரி ரெண்டு வரி சொல்லுங்கள்” என்று கேட்பேன். சிலர் எரிச்சல்படுவார்கள். பலர் முதலில் தயங்கி, பிறகு பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். படிவத்தில் வாயில் நுழையாத தலைப்போடு கிடந்த ஒரு கட்டுரை, பூச்சிகள் கூட்டமாக இடம்பெயரும்போது முன்னே போவது எது என்ற கேள்வியாக மாறிவிடும். அந்த இரண்டு வரியை அச்சில் பார்த்த மாணவர்கள் அந்த ஆசிரியரைத் தேடிப் போய்ப் பேசியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கட்டுரைகளின் எண்ணிக்கையைப் படித்துவிட்டு ஒரு மாணவனும் யாரையும் தேடிப் போனதில்லை.

எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சாதனையை அளந்தால் யார் யார் விடுபட்டுப்போவார்கள் என்பதற்கு உலகம் அறிந்த சான்றுகள் இருக்கின்றன. கதலின் கரிக்கோ அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று உயிரணுவுக்குச் சொல்லும் எம்.ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர். நிதி கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. 1995-இல் அவரைப் பதவியிறக்கம் செய்தார்கள். அவர் ஆய்வை விடவில்லை. செயற்கையாகச் செய்த எம்.ஆர்.என்.ஏ.வை உடலுக்குள் செலுத்தினால் அழற்சி உண்டாகிறது. அதிலுள்ள யூரிடின் என்ற கூறுக்குப் பதிலாகச் சூடோயூரிடினை வைத்தால் அழற்சி தணிகிறது என்று ட்ரூ வைஸ்மனுடன் சேர்ந்து 2005-இல் எழுதினார். அன்று அந்தக் கட்டுரையை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. பிறகு எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா தடுப்பூசிகளுக்கு அடிப்படையானது அதுதான். 2023-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 1995-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனைப் பட்டியலைத் தொகுத்தவர் கரிக்கோவின் பெயரை எழுத என்ன காரணம் இருந்திருக்கும்? எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு காரணமும் இல்லை. அவருடைய கேள்வி என்ன என்று யாராவது கேட்டிருந்தால் இருந்திருக்கும்.

கணிதத்தில் யீடாங் ஜாங். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்; வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது; அவர் பெயரில் வெளியான கட்டுரைகள் மிக மிகக் குறைவு. 3, 5; 11, 13; 17, 19 என்று இரண்டே இடைவெளியில் வரும் பகா எண் இணைகள் முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பது கணிதத்தின் நெடுநாள் கேள்வி. இடைவெளி 7 கோடிக்குள் இருக்கும் இணைகள் முடிவில்லாமல் உண்டு என்று ஜாங் 2013-இல் நிறுவினார். ‘ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழ் அதைச் சில வாரங்களிலேயே ஏற்றுக்கொண்டது. அவர் திறந்த வழியில் மற்றவர்கள் புகுந்து 7 கோடியை 246 வரை குறைத்துவிட்டார்கள். கட்டுரை எண்ணிக்கையைத் தட்டில் வைத்து நிறுத்தால் ஜாங்கின் பெயர் எந்தத் தொகுப்பிலும் வராது.

2018-இல் இயற்பியல் நோபல் பெற்ற டோனா ஸ்ட்ரிக்லண்ட் அப்போது வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர். முழுப் பேராசிரியர் பதவிக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. பதவிப் பெயரைப் பார்த்துச் செய்தியின் நீளத்தைத் தீர்மானிக்கும் வழக்கம் நம் செய்திமடல்களிலும் பத்திரிகைகளிலும் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

அளவீடுகள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அவை எதற்காக உண்டாயின என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஓர் ஆய்விதழில் வரும் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதுதான் தாக்கக் காரணி. எந்தக் கட்டுரையை எவை மேற்கோள் காட்டுகின்றன என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று முடிவுசெய்ய யூஜின் கார்ஃபீல்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். இதழை அளக்க வந்த அந்த எண்ணை இன்று ஆளை அளக்கப் பயன்படுத்துகிறோம். ஓர் ஆய்வாளரை அளக்கும் எச்-குறியீட்டை 2005-இல் முன்வைத்தவர் கலிபோர்னியாவின் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ். குறியீடு 20 என்றால், குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். ஆனால் மருத்துவத்தில் மேற்கோள்கள் குவியும் வேகம் வேறு, கணிதத்தில் வேறு, இலக்கியத்தில் வேறு. ஒரே செய்தியில் மருத்துவப் பேராசிரியருக்கு இத்தனை, இலக்கியப் பேராசிரியருக்கு இத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் போடும்போது, படிக்கிறவர் மனத்தில் இலக்கியப் பேராசிரியர் குறைந்தவராகப் பதிந்துவிடுகிறார். அது அநியாயம்.

கட்டுரை எண்ணிக்கையும் அப்படித்தான். ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையை அளவிட்ட 2015-ஆம் ஆண்டு இயற்பியல் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் அவர்களுடைய நிறுவனங்களும்தான். அது மாபெரும் கூட்டு உழைப்பு. அத்தனை பெயரும் வரவேண்டியதுதான். ஓராண்டு முழுவதும் தனியாக ஓலைச்சுவடிகளைப் படித்துப் பாடவேறுபாடு குறித்து ஒருவர் எழுதுவதும் கட்டுரைதான். இரண்டையும் ‘ஒன்று’ என்று எண்ணி அடுத்தடுத்த வரியில் போட்டால் படிப்பவருக்கு என்ன தெரியவரும்?

உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் என்ற பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வெளியானவுடன் தங்கள் நாளிதழ் உட்பட எல்லாவற்றிலும் படத்தோடு செய்தி வருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் விருது கொடுத்துவிட்டது போல எழுதுகிறார்கள். உண்மையில் அது விருது அல்ல. அங்கே பேராசிரியராக இருக்கும் ஜான் அயோனிடிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து மேற்கோள்களைக் கணக்கிட்டு வெளியிடும் அட்டவணை. அதில் இரண்டு பட்டியல்கள் உண்டு: வாழ்நாள் முழுவதற்குமான கணக்கு ஒன்று, ஒரே ஓர் ஆண்டுக்கான கணக்கு இன்னொன்று. இரண்டும் வேறு வேறு. எந்தப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது என்று செய்தியில் சொல்வதே இல்லை. தன் கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டவற்றை நீக்கினால் கணக்கு எப்படி மாறுகிறது என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. அண்மைப் பதிப்புகளில் ஒவ்வொருவருடைய கட்டுரைகளிலும் எத்தனை, வெளியான பிறகு நம்பத்தகாதவை என்று திரும்பப் பெறப்பட்டன என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். யாரும் திறந்து பார்க்கலாம். செய்தியாளர் ஒரு மணி நேரம் செலவிட்டால் போதும்.

காப்புரிமைச் செய்திகளில் உள்ள குழப்பம் இன்னும் பெரிது. ஒருவர் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறார். பொதுவாக 18 மாதங்களில் அந்த விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகிவிடும். அது வெறும் வெளியீடுதான். அந்தக் கட்டத்தில் அது புதியதா, பயனுள்ளதா என்று தேர்வாளர் இன்னும் முடிவு சொல்லியிருக்க மாட்டார். பரிசீலனை முடிந்து உரிமை வழங்கப்படுவது தனி; அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம், வழங்கப்படாமலும் போகலாம். விண்ணப்பம் வெளியான அன்றே ‘காப்புரிமை பெற்றார்’ என்று செய்தி வருகிறது. விண்ணப்பித்தார், விண்ணப்பம் வெளியானது, உரிமை வழங்கப்பட்டது ஆகிய மூன்றில் எது என்று எழுதினால் உண்மையில் உரிமை பெற்றவருக்கு உரிய மதிப்புக் கிடைக்கும்.

பணம் கட்டினால் எதையும் அச்சிடும் ஆய்விதழ்களைப் பற்றித் தங்கள் பத்திரிகையே முன்பு எழுதியிருக்கிறது. 2013-இல் ‘சயன்ஸ்’ இதழுக்காக ஜான் போஹனன் என்ற செய்தியாளர், வெளிப்படையான பிழைகள் நிறைந்த ஒரு போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 2023-இல் உலகம் முழுவதும் 10,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் 8,000-க்கும் மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. அந்தக் கட்டுரைகள் வெளியானபோது ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் சாதனைப் பட்டியலில் அவையும் ஏறியிருக்கும். திரும்பப் பெற்ற செய்தி அதே பட்டியலில் ஏறியிருக்குமா?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திரும்பப் பெறுவது எப்போதும் அவமானம் அல்ல. 2018-இல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சிஸ் ஆர்னால்ட், 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் கட்டுரை ஒன்றைத் திரும்பப் பெற்றார். சோதனையைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. அதை அவரே பொதுவெளியில் அறிவித்து மன்னிப்பும் கேட்டார். என்னைக் கேட்டால் அதையும் ஓர் அறிவுலகச் சாதனையாகவே பட்டியலில் சேர்ப்பேன். தாமாக முன்வந்து கட்டுரையைத் திரும்பப் பெறும் ஆசிரியரின் நேர்மையைப் பாராட்டி ஒரு பத்தி எழுதுங்கள். அடுத்தவருக்கும் துணிவு வரும்.

இனி அலுவலர்கள் விஷயம். இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் வேதியியல் துறையில் ஆய்வகத்துக்கான கண்ணாடிக் கருவிகளைச் செய்கிறவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் அழைப்போம். கடையில் வாங்கக் கிடைக்காத கருவிகளை அவர் செய்துகொடுப்பார். ஆய்வு மாணவர் ஒரு தாளில் கோணல்மாணலாகப் படம் வரைந்து எடுத்துவருவார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த மூலையில் அழுத்தம் தாங்காது, வளைவாக வைத்துக்கொள்வோம்” என்பார். போரோசிலிகேட் என்ற வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குழாயைச் சுடரில் சுழற்றிக்கொண்டே ரப்பர் குழாய் வழியாக ஊதுவார். ஊதி முடித்ததும் வேலை முடிந்துவிடாது. கருவியை உலையில் வைத்து 560 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி மெதுவாக ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தங்கும் இறுக்கத்தால் ஒருநாள் தானாக விரிசல் விடும். முனைவாக்க ஒளியில் பிடித்துப் பார்த்தால் இறுக்கம் உள்ள இடம் பளிச்சென்று தெரியும். தெரிந்தால் மறுபடி உலைக்குள் போகும்.

ஒரு பேராசிரியரின் வெற்றிடக் குழாய்த் தொகுதியில் எங்கோ கசிவு. மாணவர்கள் பல நாள் தேடியும் கிடைக்கவில்லை. காற்றுப்பட்டால் கெட்டுப்போகும் சேர்மத்தை வைத்துச் செய்யும் ஆய்வு அது. கசிவு இருந்தால் ஒன்றும் நடக்காது. அண்ணன் வந்து விளக்குகளை அணைக்கச் சொன்னார். கையில் மின்பொறி உண்டாக்கும் டெஸ்லா சுருள். அதன் முனையைக் கண்ணாடிமேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். நீலப் பொறி மேற்பரப்பில் பரவிக்கொண்டே வந்தது. ஓர் இணைப்பின் அருகே வந்ததும் பொறி முழுவதும் ஒரே புள்ளியில் கூர்மையாகப் பாய்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை அங்கே. அன்றே அடைத்தார். அந்த ஆய்வு கட்டுரையாக வெளியானது. படிவம் எனக்கு வந்தது. ஆசிரியர்கள் பெயரில் அவர் இல்லை. கட்டுரையின் நன்றியுரையிலும் இல்லை. நான் செய்திமடலில் அவர் செய்த வேலையைப் பற்றி நான்கு வரி சேர்த்து மெய்ப்பு அனுப்பினேன். மேலிடத்தில் அந்த நான்கு வரியும் அடித்து வந்தது. ‘படிவத்தில் இல்லாத விவரம்’ என்று ஓரத்தில் குறிப்பு. அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பெயர் அச்சில் வரவே இல்லை. இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

இது ஏதோ ஓரிடத்துக் கதையல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விவியன் தாமஸ் என்ற ஆய்வக உதவியாளர் இருந்தார். கல்லூரிக்குப் போக வழியில்லாத கறுப்பினத்தவர். அதற்கு முன் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வக வேலையைச் செய்தபோதே துப்புரவுப் பணியாளர் என்ற வகையில்தான் அவருக்குச் சம்பளம். பிறவி இதயக் கோளாறால் உடல் நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கான அறுவை முறையை நாய்களிடம் செய்து செய்து பார்த்து வடிவமைத்ததில் அவர் பங்கு பெரிது. அதற்கான கருவிகளையும் அவர் உருவாக்கினார். 1944 நவம்பர் 29 அன்று அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக் முதல் குழந்தைக்கு அறுவை செய்தபோது, தாமஸ் அவருக்குப் பின்னால் ஒரு முக்காலிமேல் நின்று, எந்தத் தையலை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1945-இல் வெளியான மருத்துவக் கட்டுரையில் பிளேலாக், ஹெலன் டாசிக் இருவர் பெயர்தான். தாமஸுக்கு அந்தப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது 1976-இல்.

ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹென்றியெட்டா லீவிட். ஒளிப்படத் தகடுகளைப் பார்த்து விண்மீன்களின் பிரகாசத்தைக் குறித்துவைக்கும் பெண் பணியாளர்களில் ஒருவர். சிறிய மெகல்லானிய மேகம் என்ற விண்மீன் கூட்டத்தில், பிரகாசம் கூடிக் குறையும் 25 விண்மீன்களை எடுத்துக்கொண்டு, பிரகாசம் கூடக்கூட அவை மினுங்கும் காலமும் நீள்கிறது என்று கண்டார். 1912-இல் அது சுற்றறிக்கையாக வெளியானபோது கீழே கையெழுத்து இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங்குடையது. நல்லவேளை, இதைத் தயாரித்தவர் லீவிட் என்று முதல் வரியிலேயே பிக்கரிங் எழுதிவைத்தார். அந்த ஒரு வரி இருந்ததால் பெயர் தப்பித்தது. ஆந்திரமீடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனி விண்மீன் மண்டலம் என்று வானியலாளர் ஹப்பிள் பிறகு நிறுவியது லீவிட் கண்ட தொடர்பைக் கொண்டு தொலைவை அளந்துதான்.

அண்மைக்கு வருவோம். மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற சிறு மூலக்கூறைக் கண்டறிந்ததற்காக 2024-இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் மருத்துவ நோபல் பெற்றார்கள். ஆம்ப்ரோஸ் குழுவின் 1993-ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் பெயர் ரோசலிண்ட் லீ. ஆம்ப்ரோஸின் மனைவி, அவருடைய ஆய்வகத்திலேயே பல்லாண்டுகளாகப் பணியாற்றுபவர். இரண்டாவது பெயர் ரோண்டா ஃபைன்பாம். பரிசுச் செய்தியை வெளியிட்ட பத்திரிகைகளில் எத்தனை இந்த இரண்டு பெயர்களையும் எழுதின? பரிசை யாருக்குக் கொடுப்பது என்பது அந்தக் குழுவின் முடிவு. பெயரை எழுதுவதற்குப் பத்திரிகையை யார் தடுக்கிறார்கள்?

நூலகர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவிக்கு வந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும் 1933-இல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். உலகெங்கும் நூலகவியல் வகுப்புகளில் இன்றும் படிக்கப்படும் சிந்தனை ஒரு பல்கலைக்கழக அலுவலரின் மேசையிலிருந்து பிறந்தது. இன்றைய நூலகர்கள் சும்மா இருக்கவில்லை. ஆய்வேடுகளை மின்னாக்கம் செய்கிறார்கள், தரவுகளுக்கு விவரக் குறிப்பு எழுதுகிறார்கள், எந்த இதழ் நம்பத் தகுந்தது என்று ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். இவற்றில் எதையும் சாதனைப் பட்டியலில் நான் பார்த்ததில்லை.

தரவுகளைச் சேர்த்துப் பாதுகாப்பதும் பெரும் அறிவுப் பணி. புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேமிக்கும் புரதத் தரவு வங்கி 1971-இல் ஏழே ஏழு அமைப்புகளோடு தொடங்கியது. உலகம் முழுவதுமுள்ள பல்கலைக்கழக ஆய்வகங்கள் தாம் கண்ட அமைப்புகளை அதில் சேர்த்துவந்தன. வந்ததைச் சரிபார்த்து, ஒழுங்குபடுத்தி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவைத்தவர்கள் அதன் பணியாளர்கள். புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு அந்தத் தரவுகளைக் கொண்டுதான் பயிற்சி பெற்றது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024-இன் வேதியியல் நோபலில் பங்கு பெற்றார்கள். ஐம்பது ஆண்டுகளாக அட்டவணையைப் பிழையில்லாமல் காத்தவர்கள் இல்லாவிட்டால் அந்த மென்பொருள் எதைப் படித்திருக்கும்?

யார் என்ன செய்தார் என்று எழுத வழி இல்லை என்று இன்று சொல்ல முடியாது. ஆய்விதழ்கள் பலவற்றில் ‘கிரெடிட்’ என்ற பங்களிப்பு வகைப்பாடு நடைமுறையில் இருக்கிறது. கருத்துருவாக்கம், சோதனை செய்தல், தரவுப் பராமரிப்பு, மென்பொருள், கருவியும் பொருளும் தருதல் என்று 14 வகையான பங்களிப்புகள் அதில் உண்டு. கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாலே போதும். யார் சோதனை செய்தார், யார் கணக்கிட்டார் என்று எழுதியிருக்கும். பிரிட்டனில் 2017-இல் தொடங்கிய ‘தொழில்நுட்பர் உறுதிமொழி’யில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டு, ஆய்வகத் தொழில்நுட்பர்களின் பங்கை வெளியே தெரியச் செய்ய ஒப்புக்கொண்டிருக்கின்றன. இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு ஆளை மதிப்பிடக் கூடாது என்ற சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் 2013-இல் வெளியானது. இந்தக் கருத்து வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. படிவம்தான் மாறவில்லை.

எண்ணிக்கையை எழுதாதீர்கள் என்று சொன்னால் இளம் ஆசிரியர்கள் வருத்தப்படுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தற்காலிகப் பணியில் இருக்கும் உதவிப் பேராசிரியருக்குப் பட்டியலில் ஒரு வரி கூடினால் நேர்காணலில் அது கைகொடுக்கும். அவர்கள் பிழைப்பு அதில் இருக்கிறது. அவர்களுடைய கட்டுரைச் செய்தியை நீக்குங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அதற்குப் பக்கத்தில் அவர் கண்டதை ஒரு வரி சேருங்கள் என்கிறேன். ஏற்கெனவே பெயர் பெற்ற பேராசிரியரைவிட அந்த ஒரு வரி இளையவருக்கே அதிகம் உதவும். எண்ணிக்கையில் அவரால் மூத்தவரோடு போட்டி போட முடியாது; நல்ல கேள்வி ஒன்றை எழுப்பியிருந்தால் அதில் போட்டி போடலாம்.

வகுப்பறையில் நடப்பதற்கும் இடம் வேண்டும். ஒரு பாடத்துக்குப் புதிதாக ஆய்வகக் கையேடு எழுதியவர், பார்வையற்ற மாணவர்களுக்காக வரைபடங்களைத் தொட்டுணரும்படி அமைத்துக்கொடுத்தவர், கலைச்சொல் அகராதியில் உழைத்தவர், மற்றவர்களின் கட்டுரைகளை ஊதியமில்லாமல் மதிப்பிட்டுத் தருகிறவர் என்று எத்தனையோ பேர். கட்டுரை மதிப்பீட்டுக்கு மட்டும் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஆய்வாளர்கள் செலவிட்ட நேரம் 10 கோடி மணிக்கு மேல் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. அந்த உழைப்பு எந்தப் பல்கலைக்கழகச் செய்திமடலிலும் ஒரு வரியாக வந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தொகுப்புக்குத் தகவல் கேட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதும்போது, என்ன கேள்வி, என்ன விடை கிடைத்தது என்று இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். உடன் உழைத்த ஆய்வக உதவியாளர், தொழில்நுட்பர், நூலகர், களப்பணியாளர் பெயர்களைக் கேளுங்கள். கட்டுரையை எங்கே இலவசமாகப் படிக்கலாம் என்று கேட்டு அதையும் போடுங்கள். இடம் போதாது என்றால் இருபது பேருக்குப் பதில் ஐந்து பேரைப் பற்றி எழுதுங்கள். மற்றவர்கள் அடுத்த மாதம் வரட்டும். முந்தைய தொகுப்பில் வந்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் அதே பக்கத்தில் அதையும் தெரிவியுங்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பும் சொல்லிவிடுகிறேன். கடிதத்தைப் பதிவாளருக்கும் துறைத்தலைவருக்கும் மட்டும் அனுப்பினால் பழைய படிவம்தான் நிரப்பப்பட்டுத் திரும்பி வரும். நூலகத்துக்கும், ஆய்வகக் கருவி மையத்துக்கும், பணிமனைக்கும் தனித்தனியாகப் பிரதி அனுப்பச் சொல்லுங்கள். அங்கிருப்பவர்கள் தங்களைப் பற்றி எழுதித் தரக் கூச்சப்படுவார்கள். முதல் முறை பதில் வராது. செய்தியாளர் நேரில் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பல்கலைக்கழகச் செய்திமடல் ஒன்றின் முன்னாள் தொகுப்பாளர்